எட்டு இருக்கை விமானமும் ஏழு பொட்டலங்களும்

ஆளைப் பார்த்தாலே எடையைச் சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, தொழில் அப்படி. திருச்சி விமான நிலையத்தில் முப்பத்தோரு வருடம் பாரக்கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவள் நான். எத்தனை ஆள், எத்தனை மூட்டை, எவ்வளவு எரிபொருள், முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று கணக்குப் போட்டு நான் கையெழுத்து வைத்தால்தான் கேப்டன் கதவைச் சாத்துவார். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. கல்யாணப் பந்தியில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கெல்லாம் மனதுக்குள் எடை போட்டுக்கொண்டிருப்பேன். என் எடையை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

இலங்கையில் சின்னதாக ஒரு விமானக் கம்பனி நடத்துபவர் போன் செய்தார். இளம் வயதில் பயிற்சிக்காகத் திருச்சி வந்து, ஆறு மாதம் என் எதிர் மேசையில் இருந்தவர். சிங்களவர். நாங்கள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். "திருகோணமலைத் துறைமுகத்தில் என் கடல் விமானம் வாரத்துக்கு மூன்று நாள் இறங்குகிறது. ஆள் சேரவில்லை. மழைக்காலம் வருவதற்குள் அந்த இடத்தை மூடிவிடலாமா என்று பார்க்கிறேன். நீ போய் நாலைந்து நாள் இருந்து பார். தொடரலாமா வேண்டாமா என்று ஒரு பக்கம் எழுதிக் கொடு, போதும்" என்றார்.

சரி என்றேன். ஒரே ஒரு நிபந்தனை. வெள்ளிக்கிழமை காலையில் என் மகள் மீராவுக்கு வளைகாப்பு. வியாழக்கிழமை இரவுக்குள் நான் திருச்சியில் இருந்தாக வேண்டும். "அதற்கென்ன, வியாழக்கிழமை விமானத்தில் கொழும்புக்கு வந்துவிடு, அங்கிருந்து மாலையே போய்விடலாம்" என்றார்.

திங்கட்கிழமை கொழும்பில் இறங்கினால் அவருடைய விமானம் படுத்திருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டதாம். வெளிநாட்டிலிருந்து டாலர் கொடுத்து வாங்கியது விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது, சுங்கக் காகிதங்கள்தான் இன்னும் சரியாகவில்லை. திருச்சியில் இப்படி ஆனால் பக்கத்துக் கம்பனிக்காரனிடம் ஓடிப்போய் இரவல் கேட்போம். இங்கே இரவல் கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை. ஒரே ஒரு விமானம் வைத்திருக்கும் கம்பனியில் அது படுத்தால் கம்பனியே படுத்த மாதிரிதான்.

ஆக, விமானப் போக்குவரத்தை ஆராயப் போன நான் பஸ்ஸில் போனேன். ஏ.சி. பஸ். அந்த ஏ.சி. என் தலைக்கு நேர் மேலே சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. நான் நடத்துநரைக் கூப்பிட்டுச் சத்தம் போட, அவர் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். பக்கத்து இருக்கைப் பெண் மொழிபெயர்த்தாள்: "மழைக்குத் தனியா டிக்கெட் எடுக்கத் தேவையில்லையாம்." பிறகு தன் கைப்பையிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து என் தலையில் மாட்டிவிட்டாள். ஏழு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வழியில் ஒரு கடையில் மீன் பணிஸும் பால் விடாமல் இஞ்சி போட்ட பிளேன்ரீயும். பன்னுக்குள் மீனும் உருளைக்கிழங்கும் வைத்திருந்தார்கள். முதலில் முகம் சுளித்தேன், அப்புறம் இரண்டாவது வாங்கினேன்.

திருகோணமலையில் என்னை அழைத்துப்போக வந்தவர் குரூஸ். மீன்பிடிக்கிறவர். விமானம் இறங்குகிற நாட்களில் தன் படகில் முன்னால் போய், வலைகளையும் தோணிகளையும் ஒதுக்கித் தண்ணீரில் பாதை விடுவிப்பவரும் அவர்தான். அவருடைய மனைவி ஜெசிந்தாதான் இறங்குதுறையில் கம்பனியின் ஒரே ஊழியர். டிக்கெட், தராசு, பயணிகள் பட்டியல், தொலைபேசி எல்லாம் அவளே. சுற்றுலாக் காலம், விடுதிகளில் அறை இல்லை என்று அன்புவழிபுரத்தில் அவர்கள் வீட்டிலேயே தங்க வைத்தார்கள். சோதிக்க வந்தவள் சோதிக்கப்படுபவளின் வீட்டில் தங்குவது முறையா என்று எனக்கு உறுத்தல். மேசையில் இடியப்பமும் பால்சொதியும் சூடைமீன் பொரியலும் வந்ததும் உறுத்தல் குறைந்துவிட்டது.

ஜெசிந்தாவுக்கு நாற்பது இருக்கும். ஐம்பத்தாறு கிலோ, மிஞ்சிப்போனால் ஐம்பத்தேழு. எனக்கு இடியப்பம் வைத்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினாள்.

"மிஸ், முதலே சொல்லிப்போடுறன், ஒளிக்க ஒண்டுமில்லை. தோஹாவில விமான நிலையத்தில ஒரு வேலை வந்து கிடக்கு. ரெண்டு வருச ஒப்பந்தம். சனிக்கிழமைக்குள்ள ஓமோ இல்லையோ எண்டு பதில் குடுக்கோணும். இந்த இடத்தை மூடினா நான் போகத்தான் வேணும். இவற்ற கடல் தொழிலை மட்டும் நம்பி இருக்கேலாது. மூடாட்டிப் போகமாட்டன்."

"அப்போ எல்லாம் நான் எழுதுறதுலதான் இருக்குன்னு சொல்றியா?"

"ஓம். அதுக்காகப் பொய் எழுத வேண்டாம். இன்னும் ரெண்டு வைக்கட்டே?"

அவளுடைய மகள் நிவேதாவுக்குப் பதினொரு வயது. மேசையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து, எமனே வீட்டுக்கு விருந்துக்கு வந்த மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை இறங்குதுறைக்குப் போனோம். வழியில் ஊர் நடுவே மான்கள். எங்கள் ஊரில் மாடு நிற்கிற மாதிரி, இங்கே கடை வாசலில் புள்ளிமான் நின்று வாழைப்பழத் தோல் தின்கிறது. யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஓட்டோக்காரர் "அதுகள் கவுன்சில் மெம்பர்மார், ஒருத்தரும் ஒண்டும் சொல்லேலாது" என்றார்.

ரப்பர் வளையம் வந்து சேர்ந்து, விமானமும் வந்தது. எட்டுப் பேர் உட்காரலாம். சக்கரத்துக்குப் பதில் இரண்டு நீளமான மிதவைகள். துறைமுகத்தின் அமைதியான தண்ணீரில் கோடு கிழித்துக்கொண்டு வந்து நின்றபோது, இத்தனை வருடம் விமானத்தோடு பிழைத்தவள் குழந்தை மாதிரி கைதட்டிவிட்டேன். இறங்கியவர்கள் மூன்றே பேர். குரூஸ் உடனே நல்ல தண்ணீர்க் குழாயை இழுத்து வந்து விமானத்தைத் தலைமுதல் கால்வரை கழுவினார். உப்புத் தண்ணீர் பட்டால் இரும்பு சும்மா இருக்குமா? ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு குளியல்.

இளம் கேப்டன் தேநீர் குடித்தபடி ஆங்கிலத்தில் புலம்பினார். "போன வருடம் எங்களிடம் மூன்று மெக்கானிக் இருந்தார்கள். இரண்டு பேர் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள். எனக்கும் மாலைதீவிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. இங்கே நான் பறக்கிற நேரத்தைவிட உதிரிப்பாகத்துக்குக் காத்திருக்கிற நேரம் அதிகம்." பிறகு ஏன் போகவில்லை என்று கேட்டேன். "இந்தத் துறைமுகத்தை மேலே இருந்து நீங்கள் பார்த்ததில்லையே" என்றார்.

அன்றைக்குக் கொழும்புக்கு ஏறியவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் புல்மோட்டைக்காரர், கையில் ஆஸ்பத்திரிக் கோப்பு. "பஸ்ஸில போனா டொக்டர் பார்க்க முன்னமே நாரி முறிஞ்சிடும். இதில ஒரு மணித்தியாலம்கூட இல்லை" என்றார், இடுப்பைப் பிடித்தபடி. நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நோயாளிகள், கனிம மணல் ஆலைக்கு வந்துபோகிற பொறியாளர்கள், திமிங்கிலம் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள், வெளிநாட்டில் வேலை செய்பவர்களின் குடும்பங்கள். ஆள் இல்லாமல் இல்லை. இப்படி ஒரு விமானம் இருக்கிறது, அது சொன்ன நாளில் வரும் என்கிற நம்பிக்கைதான் இன்னும் வரவில்லை.

ஆளை நிறுப்பதை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். எங்கள் பெரிய விமானங்களில் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு சராசரி போட்டுவிடுவோம். இதில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. பயணி தன் பையோடு தராசில் ஏற வேண்டும். ஜெசிந்தா தராசின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். எண்ணை வாய்விட்டுச் சொல்வதே இல்லை. "ஏறுங்கோ. சரி, இறங்குங்கோ" என்பாள், குறித்துக்கொள்வாள். ஒரு பருத்த அம்மாள் தயங்கி நின்றபோது, "எனக்கு மட்டும்தான் தெரியும், நான் இறங்குதுறையை விட்டுப் போகேக்க மறந்திடுவன்" என்றாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே ஏறினார். எனக்கு இவளைப் பிடித்துப்போனது அப்போதுதான். அன்று மாலை "மிஸ்ஸாவது கிஸ்ஸாவது, அக்கான்னு கூப்பிடு" என்று சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை கிண்ணியாவுக்குப் போனோம். விமானம் இல்லாத நாட்களில் ஜெசிந்தா வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்கிறாள். கம்பனி சொல்லி இல்லை, அவளாகவே. வியாழக்கிழமை விமானத்துக்கு ஆறு இடம் நிரம்பியிருந்தது. கம்பனியின் இலவசப் பாஸில் வரும் என்னைச் சேர்த்தால் ஏழு. மிச்சம் ஒன்று.

நபீசா என்ற பெண்ணின் வீட்டில் அதுவும் நிரம்பியது. கணவர் குவைத்தில். மூன்று வருடமாகப் பார்க்கவில்லை. இப்போதுதான் விசா வந்து அவரிடம் போகிறாள், வியாழக்கிழமை இரவு கொழும்பிலிருந்து. "பஸ்ஸுல போனா வாந்தி எடுத்தே செத்துருவேன் அக்கா" என்றாள். ஜெசிந்தா விளக்கமாகச் சொன்னாள்: "சாமான் பதினஞ்சு கிலோ உங்கட உரிமை, அதுக்கும் சேர்த்துத்தான் டிக்கெட். அதுக்கு மேல ஒரு கிராமும் ஏலாது." நபீசாவின் உம்மா எங்களை விடவில்லை. எருமைத் தயிரில் வெல்லப்பாகு மாதிரி இருந்த பாணியை ஊற்றி ஒரு கோப்பை நிறைய வைத்தார். எனக்குச் சர்க்கரை என்றேன். "இது சீனி இல்ல புள்ள, பாணி" என்றார். அதற்கு மேல் என்ன வாதம் செய்வது? சாப்பிட்டேன்.

திரும்பும்போது ஜெசிந்தா ஓட்டோவில் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு தடவித் தடவிப் பார்த்தாள். "அக்கா, எட்டும் நிரம்பினது இதுதான் முதல் தரம்" என்றாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நிவேதாவும் அவளும் சேர்ந்து மீராவுக்காகப் பயற்றம் பணியாரம் சுட்டார்கள். வளைகாப்பு என்றால் என்ன, எத்தனை வளையல், யார் முதலில் போடுவது என்று நிவேதா கேட்டுக்கொண்டே இருந்தாள். தாய்தான் முதலில் போடுவாளா என்று கேட்டாள். எங்கள் வீட்டில் அப்படித்தான் என்றேன்.

வியாழக்கிழமை இறங்குதுறை திருவிழா மாதிரி இருந்தது. ஏழு பயணிகளுக்கு அறுபது பேர் வழியனுப்ப வந்திருந்தார்கள். நபீசாவுக்கு மட்டும் இரண்டு வேன். தராசு நுழைவாயிலில். எல்லோரும் ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். நபீசா ஒரு சின்னக் கைப்பையோடு ஏறினாள். "இவ்வளவுதானா?" என்று கேட்டாள் ஜெசிந்தா. "ஓம், இவ்வளவுதான்" என்றாள் அவள். நானும் பெட்டியோடு ஏறினேன். என் எண்ணைக் குறித்தபோது அவள் முகத்தில் ஒரு சலனம்கூட இல்லை. தெய்வம் அவள்.

நிறுத்து முடித்தவர்கள் விமானம் வரை நாற்பதடி மரப்பாலத்தில் நடக்க வேண்டும். உறவுக்காரர்களும் கூடவே நடந்தார்கள். அணைத்தார்கள், அழுதார்கள். கடைசி அடியில், ஏணிப்படியில் கால் வைக்கும்போது, கையில் பொட்டலத்தைத் திணித்தார்கள். நபீசாவின் கையில் கருவாடு, உலர்ந்த மாசிமீன், தொதல் அல்வா, அரிசிமா. மற்றவர்களுக்கும் ஆளுக்கொன்று. என் கையில் நபீசாவின் உம்மா ஒரு தயிர்ச் சட்டியைக் கயிறு கட்டி மாட்டினார். நிவேதா பணியார டப்பாவைக் கொடுத்து, "மீரா அக்காவுக்கு" என்றாள். வாங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறிவிட்டேன். முப்பத்தோரு வருடப் பாரக்கணக்குக்காரி!

என் முட்டாள்தனத்துக்கு ஒரு காரணம் சொல்லலாம். எங்கள் ஊரில் வழியனுப்ப வருபவர்களைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவோம். எடை போட்ட பிறகு யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்க முடியாது. இங்கேயோ கடைசிக் கணத்தில் கொடுப்பதுதான் மரியாதை. பிறகு நபீசாவின் உம்மாவைக் கேட்டேன். "முன்னுக்கே குடுத்தா, போ போ எண்டு தொரத்துற மாதிரி இருக்காதா?" என்றார்.

எட்டுப் பேரும் வார் கட்டி உட்கார்ந்துவிட்டோம். வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த குரூஸின் குரல் கேட்டது. "ஜெசி! பின்பக்கம் தாழுது!"

மிதவையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. அது தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். தெரியவில்லை. ஜெசிந்தா ஓடிவந்து குனிந்து பார்த்தாள். பிறகு உள்ளே எட்டி எங்கள் ஒவ்வொருவரின் மடியையும் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது. எல்லோரையும் இறங்கச் சொன்னாள்.

கொக்கித் தராசை எடுத்து வந்து மரப்பாலத்திலேயே பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு நிறுத்தாள். ஏழு பயணிகளின் ஏழு பொட்டலமும் என் சட்டியும் டப்பாவும் சேர்ந்து அறுபது கிலோவை எட்டியது. கேப்டன் வானத்தையும் தண்ணீரையும் பார்த்தார். காற்று விழுந்துவிட்டது. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. அப்படிப்பட்ட தண்ணீரிலிருந்து மிதவையைப் பிய்த்து எழுப்புவது கஷ்டம். "இந்தக் கனத்தோடு நான் கிளம்ப மாட்டேன். பொட்டலம் எல்லாம் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ஆள் இறங்க வேண்டும்" என்றார்.

"இதென்ன பெரிய விஷயம்? பொட்டலத்தை இறக்கு" என்றேன் நான்.

ஜெசிந்தா பட்டியலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இரண்டு நாளாக அக்கா என்று கூப்பிட்டவள், "மிஸ்" என்றாள். "நீங்கள் இறங்கோணும்."

"என்ன?"

"அவையள் எல்லாருக்கும் பதினஞ்சு கிலோ உரிமை இருக்கு. அதுக்குள்ளதான் கொண்டு வந்திருக்கினம். நீங்கள் பாஸில வந்தனீங்கள்."

"கருவாட்டுக்காக என்னை இறக்குறியா?"

"கருவாடு காசு குடுத்து வந்தது, மிஸ்."

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. வாய்க்கு வந்ததைப் பேசினேன். "நான் யாருன்னு தெரியுமில்ல? என் பொண்ணுக்கு நாளைக்கு வளைகாப்புன்னு தெரியுமில்ல? நாளைக்கு நான் உட்கார்ந்து என்ன எழுதுவேன்னு யோசிச்சியா?" அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிவேதாவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் தெரியும் மிஸ்" என்றாள் ஜெசிந்தா. பட்டியலில் என் பெயரை அடித்தாள். "இறங்குங்கோ."

நபீசா தொதல் பொட்டலத்தை நீட்டி, "நான் இதை விட்டுட்டுப் போறேன் அக்கா, நீங்க வாங்க" என்று அழுதாள். ஒரு தொதலால் ஆகக்கூடிய காரியமா அது? என் எடை எழுபத்தெட்டு. இதோ, ஊருக்கே சொல்லிவிட்டேன். பெட்டி பன்னிரண்டு. நான் ஒருத்தி இறங்கினால் மிதவை கோட்டுக்கு மேலே வந்துவிடும் என்று என் மண்டையே கணக்குப் போட்டுச் சொன்னது. இலவசப் பாஸில் வந்தவர் முதலில் இறங்க வேண்டும் என்ற விதியைத் திருச்சியில் எத்தனை பேர் தலையில் நான் போட்டிருக்கிறேன்! சக ஊழியர் ஒருவரை, அவருடைய சொந்தத் தங்கை கல்யாணத்துக்குப் போகவிடாமல் இறக்கியிருக்கிறேன். இரண்டு வருடம் அவர் என்னோடு பேசவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றேன்.

விமானம் முப்பத்தைந்து நிமிடம் தாமதமாகக் கிளம்பி, தண்ணீரில் வெகுதூரம் ஓடி, எழும்பியது. நான் தயிர்ச் சட்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி பஸ் பிடித்தாலும் மாலை விமானத்துக்குள் கொழும்பு போய்ச் சேர முடியாது. அன்று பகல் முழுவதும் ஒரு வேப்பமரத்தடியில் உர்ரென்று உட்கார்ந்திருந்தேன். ஜெசிந்தா கிட்டே வரவில்லை. தன் மேசையில் குனிந்து போனில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பற்றிக் கம்பனிக்கு முறையிடுகிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனால் நிவேதா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாயை நான் திட்டியதால் என் மேல் கோபம், நியாயம்தானே என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, ஜெசிந்தா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போனைச் சாய்த்து வைத்து என் மகளின் வளைகாப்பைப் பார்த்தேன். சம்பந்தியம்மாள் முதல் வளையலைப் போட்டார். மீரா போனுக்கு அருகில் வந்தாள். "ஏம்மா, இத்தனை வருஷமா எங்க பிறந்தநாள், பள்ளிக்கூட விழா எல்லாத்தையும் அந்த ஏர்போர்ட்டுக்கே குடுத்த. ரிட்டயர் ஆனப்புறம் இதையுமா?" என்றாள். அவ்வளவுதான், போனை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

சமையலறை வாசலில் ஜெசிந்தா நின்றிருந்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். "பிள்ளையின்ர மனம் நொந்து போச்சு, அக்கா. எனக்குச் சரியான கவலை" என்றாள். பிறகு, "ஆனா இன்னொருக்கா நடந்தாலும் அதைத்தான் செய்வன்" என்றாள்.

"தெரியும். நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன். வா, உட்காரு" என்றேன். இரண்டு பேரும் அந்தத் தயிரைச் சாப்பிட்டோம்.

பிறகு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். பொட்டல விஷயத்தைக் கொஞ்சம் மழுப்பி எழுதலாமா என்று எனக்குத்தான் ஆசை வந்தது. அவள் விடவில்லை. "மறைக்காதேங்கோ. இதுக்கு முன்னமும் இப்பிடித்தான் நடந்திருக்கும். பாதி ஆளோட போனபடியால் தெரியேல்லை. என்ர பிழை அது, நான் கவனிச்சிருக்கோணும்." எழுதினேன். தாமதத்தை எழுதினேன். இறக்கப்பட்டவள் நான் என்பதையும் எழுதினேன். உதிரிப்பாகம் கைவசம் வேண்டும், கேப்டனைத் தக்கவைக்க வேண்டும், ஆள் இருக்கிறார்கள், தொடரலாம் என்றும் எழுதினேன். அழுது முடிக்கிற இடத்துக்கு அப்பால் தராசை வைக்க வேண்டும் என்பதைக் கடைசி வரியாகச் சேர்த்தேன்.

சனிக்கிழமை விடியற்காலையிலேயே ஜெசிந்தாவும் குரூஸும் தராசைத் தூக்கிக்கொண்டுபோய் மரப்பாலத்தின் அந்த முனையில் வைத்தார்கள். இந்தப் பக்கம் ஒரு கயிறு. உறவுக்காரர்கள் கயிறு வரைதான். அணைத்து, அழுது, பொட்டலம் கொடுத்து, எல்லாம் முடிந்த பிறகு தராசு. அன்றைக்கு ஐந்து பயணிகள், என்னோடு ஆறு. வரிசை நகரத் தொடங்கியபோது என் போன் அடித்தது. கம்பனிக்காரர்.

"படித்தேன்" என்றார். "ஒன்று மட்டும் சொல். நீ எதற்காக வந்திருக்கிறாய் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும்."

"வளைகாப்பு?"

"தெரியும். என் மகளுக்குப் பணியாரம் சுட்டுக் கொடுத்ததே அவள்தான்."

"தெரிந்துதான் இறக்கினாளா?"

"தெரிந்துதான்."

"விமானம் இன்னொன்றுகூட எங்கேயாவது வாடகைக்குப் பிடித்துவிடலாம்" என்றார். "இவளை எங்கே பிடிப்பது? மூடவில்லை. மழைக்காலமும் ஓட்டிப் பார்ப்போம். ஒரு வருடம். அதற்கு மேல் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது."

நான் கிட்டத்தட்ட ஓடினேன். மூச்சு வாங்க ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை. தராசின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நான் வியாழக்கிழமையே தோஹாவுக்கு ஓமெண்டு எழுதிப்போட்டன். உங்களை இறக்கினாப் பிறகு, எல்லாம் முடிஞ்சுதெண்டு நினைச்சிட்டன். பிள்ளைக்கும் சொல்லிப்போட்டன். ரெண்டு நாளா அவள் என்னோட கதைக்கேல்லை."

நிவேதா கதவைச் சாத்திக்கொண்டது என் மேலுள்ள கோபத்தால் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எல்லாம் போய்விடும் என்று தெரிந்துகொண்டே என்னை இறங்கச் சொல்லியிருக்கிறாள்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இல்லை. ஓமெண்டு மட்டும்தான். இண்டைக்கு மாத்தலாம். இங்கிலீசில மரியாதையா எப்பிடி எழுதிறது, அக்கா?"

வரிசை காத்திருந்தது. கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு நான்கு வரி எழுதினோம். மன்னிக்க வேண்டும், குடும்பக் காரணத்தால் வர முடியாது, நன்றி. அவள் அதை ஒருமுறை படித்தாள். விரல் அப்படியே நின்றது.

"ஒரு வருசம்தானே சொன்னவர்? பிறகு?"

"தெரியலம்மா" என்றேன்.

அனுப்பிவிட்டாள். உடனே வீட்டுக்கு அழைத்தாள். "நிவே" என்றாள். "அம்மா போகேல்லை."

அந்தப் பக்கத்தில் என்ன சத்தம் கேட்டதோ, ஜெசிந்தா அப்படியே மரப்பாலத்தில் உட்கார்ந்துவிட்டாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "ஓம் குஞ்சு, ஓம், மெய்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் பென்சிலை எடுத்துக்கொண்டு தராசருகே போய் நின்று, அடுத்தவரை ஏறச் சொன்னேன்.